சொல்லும் சுற்றமும்

தமிழ்ப் பாடநூலில் மரபு என்னும் பகுதியைப் படியாத மாணவர் எவரும் இரார். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும் என்று ஒலிமரபைக் கற்கிறோம். ஆடை நெய்தான், கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான், பூக் கொய்தாள் என்று வினைமரபைக் கற்கிறோம். ‘குயில் கத்தியது’ என்று ஒரு மாணவன் எழுதினால் பொருள் விளங்காமற் போவதில்லை. ஆயினும் ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறார். ‘ஐயா, கத்தியது என்றால் என்ன குற்றம்?’ என்று அவன் வினவினால், ‘முன்னோர் அவ்வாறு வழங்கவில்லை’ என்பதற்கு மேல் அவர் கூறத்தக்க காரணம் ஒன்றுமில்லை.

ஒரு சொல்லோடு இன்ன சொல்தான் வரும், இன்ன சொல் வாராது என்னும் இவ்வழக்கத்தை மொழிநூலார் இன்று சொற்சேர்க்கை என்பர். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வயல்வெளிகளில் நின்று கேட்டாலே போதும். விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவருதல் என்னும் ஒரே செயலுக்கு அங்கே எத்தனை வினைகள்! நெல்லை அறுப்பர், கரும்பை வெட்டுவர், மக்காச்சோளத்தை ஒடிப்பர், பருத்தியை எடுப்பர், மிளகாயைப் பறிப்பர், கடலையைப் பிடுங்கிக் காயை ஆய்வர், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக்கொட்டையைப் பொறுக்குவர். ‘பருத்தி அறுக்கப் போனேன்’ என்று ஒருவர் சொன்னால் ஊரார் நகைப்பர். இவ்வேறுபாட்டை எவரும் அவர்களுக்குப் பாடமாகக் கற்பித்ததில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்த அறிவு அது. இத்தகைய அறிவை உயிரற்ற கணிப்பொறி எவ்வாறு பெறுகிறது என்பதே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு. அதன் தொடக்கம் கணிப்பொறிக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது. அதில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு.

தமிழிலக்கண நூல்களுள் தொன்மையான தொல்காப்பியம் இச்செய்தியை இரண்டு இடங்களிற் கூறுகிறது. மரபியலில், எவ்விலங்கின் இளமைக்கு எப்பெயர் உரியது என வகுக்கின்றார் ஆசிரியர். நாய்க்கும் பன்றிக்கும் குருளை என்பது பொருந்தும். யானைக்கும் குதிரைக்கும் கன்று என்பது பொருந்தும். சொல்லதிகாரத்தின் முதல் இயலில் நுட்பமான வேறொரு விதி உண்டு. பலவகை உணவுகளை ஒருசேரக் கூறும்போது, அவற்றுள் ஒன்றற்கே உரிய சிறப்பு வினையைக் கொண்டு தொடரை முடித்தல் தகாது. யாவற்றுக்கும் பொதுவான வினையையே கொள்ளுதல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. ‘முறுக்கும் பாலும் தின்றான்’ என்பது வழு, பால் தின்னப்படுவதன்று. ‘முறுக்கும் பாலும் உட்கொண்டான்’ என்பது வழுவன்று. ஒரு வினைக்கு அதனோடு சேரும் பெயர்கள் இவை என்னும் வரையறை இலக்கணத்தில் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தியார் இயற்றிய நன்னூலும் எழுவகை வழுக்களுள் ஒன்றாக மரபு வழுவை எண்ணுகிறது.

இலக்கணத்திலிருந்து அகராதிக்கு வருவோம். நம் முன்னோர் சொற்பொருளை நிகண்டுகளிற் செய்யுளாகப் பாடி வைத்தனர். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர். வேண்டிய சொல்லை வேண்டிய பொழுது தேடி எடுக்கும் வசதி அவற்றில் இல்லை. அக்குறையைப் போக்கியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டிற் பிறந்து, இயேசு சபைத் துறவியாகித் தமிழகம் போந்த இவர், கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியைத் தம் பணிக்களமாகக் கொண்டிருந்தார். அங்குள்ள அடைக்கல மாதா திருக்கோயில் இன்றும் அவர் பெயரை நினைவூட்டுகிறது. 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர்க்கேற்றவாறு நான்கு பகுதிகளை உடையது. ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளின் பல சொற்களைத் தருவது பொருளகராதி. முக்கனி, ஐம்பொறி என்றாற்போலத் தொகையாக வழங்குவனவற்றை விரித்துரைப்பது தொகையகராதி. எதுகைக்கு ஏற்ற சொற்களை நிரல்படுத்துவது தொடையகராதி. சொற்களை அகர வரிசையில் நிறுத்தியதே பெரும்புதுமை. அதனினும் நாம் இங்கே கருதத்தக்கது, ஒரு சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கூறுவதோடு அவர் அமையவில்லை என்பது. அச்சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, எச்சொற்களோடு அணிவகுக்கும் என்பவற்றுக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கினார்.

இப்பகுதியோடு தொடர்புடைய மற்றொரு பெரியார் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855-இற் பிறந்த அவர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தார். அரியலூரில் சடகோப ஐயங்காரிடமும், பெரம்பலூருக்கு அண்மையிலுள்ள செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்றார். பின்னர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது அவர் எதிர்கொண்ட இடர் யாது? ஏடுகள் சிதைந்திருந்தன, ஒரே இடத்தில் ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் வேறொரு சொல்லும் காணப்பட்டன. எதனை மெய்ப்பாடமாகக் கொள்வது? அச்சொல் பிற நூல்களில் எங்கெங்கே, எவற்றோடு சேர்ந்து வந்துள்ளது என ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று. அவர் பதிப்புகளிற் காணப்படும் ஒப்புமைப் பகுதிகளும் அரும்பத அகராதிகளும் அவ்வுழைப்பின் பயன்களே. சொல்லை அதன் சுற்றத்தால் அறிதல் என்னும் நெறியை அவர் எந்தப் பொறியின் துணையுமின்றி, நினைவாற்றலையும் கைக்குறிப்புகளையும் கொண்டே நடத்திக் காட்டினார்.

வீரமாமுனிவரைப் போலவே இத்தாலியிற் பிறந்து, அவரைப் போலவே இயேசு சபையைச் சேர்ந்த மற்றொரு துறவி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பணியைப் பொறியின் கையில் ஒப்படைத்தார். அவர் பெயர் ராபர்ட்டோ பூசா, 1913-இற் பிறந்தவர். தூய தாமஸ் அக்வினாஸ் என்னும் மெய்யியலாரின் இலத்தீன் நூல்களில் ‘உடனிருத்தல்’ என்னும் கருத்தை அவர் ஆராய முற்பட்டார். அக்கருத்து பெரிய சொற்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நம் ‘இல்’ உருபைப் போன்ற சின்னஞ்சிறு இடைச்சொல் ஒன்று எச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதிலேயே அது பெரிதும் அடங்கியிருந்தது. அவ்விடைச்சொல் வருமிடங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் அவர் கையால் எழுதினார். ஒரு சொல்லுக்கே இத்துணை உழைப்பாயின், எல்லாச் சொற்களுக்கும் எத்தனை ஆயுள் வேண்டும்! 1949-இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு உதவி கோரினார். அட்டைகளிற் துளையிட்டுக் கணக்கிடும் பொறிகளைக் கொண்டு வேலை தொடங்கிற்று. பின்னர்க் கணிப்பொறி அதனை ஏற்றுக்கொண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களுக்கான அச்சொல்லடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக வெளிவந்தது.

பூசா வழி காட்டினார். அவ்வழிக்குக் கொள்கை வகுத்தவருள் முதன்மையானவர் ஆங்கில மொழிநூலறிஞர் ஜே. ஆர். ஃபர்த். அவர் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழும் அவருக்குப் புதிதன்று. ஆர்டன் பாதிரியார் ஆங்கிலத்தில் எழுதிய தமிழிலக்கண நூலின் பதிப்பொன்றுக்கு, 1934-இல் தமிழ் ஒலிப்பு முறை பற்றிய பிற்சேர்க்கை எழுதியவர் அவரே. ஒரு சொல்லின் பொருள், அது எச்சொற்களோடு உறவாடுகிறதோ அவற்றால் விளங்கும் என்பது 1950-களில் அவர் வலியுறுத்திய கருத்து. நம் ‘போடு’ என்னும் வினையைப் பாருங்கள். கோலம் போடு, பந்தல் போடு, சண்டை போடு, தூக்கம் போடு. இவற்றுள் ‘போடு’ என்பதற்குத் தனியே ஒரு பொருள் கூற முயன்றால் இடர்ப்படுவோம். அருகிலுள்ள பெயரைக் கண்டவுடன் பொருள் தெளிவாகிறது.

இனி, கணிப்பொறி செய்யும் வேலையைச் சற்று நெருங்கிக் காண்போம். ஃபர்த்தின் கருத்தைக் கணிப்பொறியில் ஆராய்ந்து பார்த்தவர் ஜான் சின்க்ளேர். 1963-இல் எடின்பரோவில் தொடங்கிப் பின்னர் பர்மிங்காமில் தொடர்ந்த அவ்வாராய்ச்சியில், ஒரு சொல்லின் இருபுறமும் நான்கு சொற்கள் அளவிலேயே அதன் செல்வாக்குப் பெரிதும் நிற்கிறது என அவர் கண்டார். ஆகவே கணிப்பொறி செய்ய வேண்டுவது எளிது: சொல்லைக் காணும்போதெல்லாம் அக்கம்பக்கத்துச் சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுதல். அவ்வழியில் தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதி 1987-இல் வெளியாயிற்று.

ஆயினும் வெறும் எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். ‘அந்த’, ‘ஒரு’, ‘என்று’ முதலிய சொற்கள் எல்லாச் சொற்களுக்கும் அண்டை வீட்டார். இவை அடிக்கடி அருகில் வருவதால் உறவாகிவிடமாட்டா. உறவையும் தற்செயலையும் பிரித்தறியும் கணக்கொன்றை, கென்னத் சர்ச், பாட்ரிக் ஹாங்க்ஸ் என்னும் இருவரும் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். அதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவேன். கரும்பலகையில் எழுதிப் பார்க்கத் தக்க எளிய கணக்கே.

பத்து லட்சம் சொற்கள் கொண்ட உரைத்தொகுதி ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அதில் ‘மழை’ 500 முறையும் ‘பெய்’ என்னும் வினை 400 முறையும் வருகின்றன என்க. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாத சொற்களாயின், தற்செயலாக எத்தனை முறை அடுத்தடுத்து வரும்? ஐந்நூறை நானூறாற் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.2 என விடை வரும். அஃதாவது ஒரு முறைகூட வாராது என்றே கொள்ளலாம். ஆனால் தொகுதியில் அவை 100 முறை அடுத்தடுத்து வந்துள்ளன எனின், எதிர்பார்த்ததைப்போல் 500 மடங்கு. இது தற்செயலன்று, உறவு. இனி, ‘அந்த’ என்பது 10,000 முறை வருகிறது என்க. மழையோடு அது தற்செயலாகவே 5 முறை சேர வேண்டும். தொகுதியில் 6 முறை சேர்ந்துள்ளது எனின் 1.2 மடங்குதான். இது உறவன்று, வெறும் அண்டை. இம்மடங்கின் மடக்கையை இரண்டை அடியாகக் கொண்டு எடுப்பர். முதலதற்கு ஏறத்தாழ 9 என்றும், இரண்டாவதற்கு ஒன்றுக்கும் குறைவாகவும் மதிப்பெண் கிடைக்கும். மடக்கை அட்டவணையைக் கையிலேந்திய மாணவர் எவரும் இதனைச் செய்யலாம்.

இக்கணக்கிலும் ஒரு குறை உண்டு. தொகுதி முழுவதிலும் ஒரே ஒருமுறை வரும் இரண்டு அருஞ்சொற்கள், அவ்வொருமுறையும் அருகருகே வந்துவிட்டால், கணக்குப்படி அவை பத்து லட்சம் மடங்கு உறவினராகிவிடும்! ஒருமுறை பேருந்தில் அருகே அமர்ந்தவரை உடன்பிறந்தார் என்று கொள்வது போன்றது அது. சான்று எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து நிறுக்கும் வேறு கணக்கை 1993-இல் டெட் டன்னிங் முன்வைத்தார். அளவைகள் இவ்வாறு ஒன்றையொன்று திருத்தி வளர்ந்தன.

தமிழுக்கு இக்கணக்கைப் பொருத்துவதில் தனி இடர்ப்பாடுகள் உண்டு. பெய்தது, பெய்கிறது, பெய்யும், பெய்யாத, பெய்தால் என ஒரு வினை பல உருவெடுக்கும். இவை யாவும் ஒரு குடும்பம் என்று அறியாத கணிப்பொறி ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக எண்ணி, உறவைச் சிதறடித்துவிடும். ‘பூக்கொய்தாள்’ எனப் புணர்ந்து ஒன்றாகிய சொற்களைப் பிரிக்கவும் அதற்குத் தெரிதல் வேண்டும். ‘மழை நேற்று எங்கள் ஊரில் நன்றாகப் பெய்தது’ என்னும் தொடரில் உறவுடைய சொற்கள் எட்டி நிற்கின்றன. ஆகவே பகுதி, விகுதி, சந்தி என்று நாம் வகுப்பறையில் பயின்ற பகுபத இலக்கணத்தைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பது தமிழில் முதல் வேலையாயிற்று.

அவ்வேலைக்குரிய அடிப்படைகள் நம்மவராலும் பிறராலும் படிப்படியாக இடப்பட்டன. 1962-இல் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1992-இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்களின் சங்க இலக்கியச் சொல்லடைவு கணிப்பொறியின் துணையோடு உருவாகி வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களின் பயன்பாட்டை எடுத்துக்காட்டுத் தொடர்களோடு காட்டியது. இக்கால உரைநடைக்கு, 1991-இல் இந்திய அரசு தொடங்கிய மொழித்தொழில்நுட்பத் திட்டத்தின் கீழ், மொழிதோறும் ஏறத்தாழ 30 லட்சம் சொற்களை இலக்காகக் கொண்டு உரைத்தொகுதிகள் திரட்டப்பட்டன. தமிழ்த் தொகுதி மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பணியாயிற்று.

அதன் பின்னர் நிகழ்ந்தது பெரும் பாய்ச்சல். 2013-இல் கூகுள் நிறுவனத்தில் தாமஸ் மிக்கோலவும் அவர் குழுவினரும், சொல் ஒவ்வொன்றையும் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றும் முறையை வெளியிட்டனர். ஒத்த சுற்றத்தை உடைய சொற்கள் ஒத்த எண்களைப் பெறும். வயல், கழனி என்னும் இரண்டும் உழு, நடு, அறு, நீர், வரப்பு என்னும் ஒரே சுற்றத்தோடு பழகுவதால், அவை ஒரு பொருளன என்று எவரும் சொல்லாமலே பொறி அவற்றை அருகருகே வைத்துவிடும். 2017-இல் அந்நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட மற்றொரு முறை, நான்கு சொல் எல்லையைக் கடந்து பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்க வழிசெய்தது. கேட்ட வினாவிற்கு விடை எழுதித் தரும் இன்றைய பொறிகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை. உங்கள் கைப்பேசியில் ஒரு சொல்லை எழுதியவுடன் அடுத்த சொல்லை அது முன்கூட்டியே காட்டுவதும் இவ்வகைக் கணக்கின் பயனே.

இங்கே மாணவர் கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. தொல்காப்பியர் வழக்கு என்பதற்கு இலக்கணம் கூறுகையில், அது உயர்ந்தோரைச் சார்ந்தது என்றார். கணிப்பொறியோ உயர்ந்தோர் வழக்கை நாடுவதில்லை. மிகுந்தோர் வழக்கை நாடுகிறது. எது பலமுறை எழுதப்பட்டதோ அதுவே அதற்கு மரபு. ‘முடிவு செய்தான்’ என்பது நம் பழவழக்கு. ‘முடிவு எடுத்தான்’ என்பது ஆங்கிலப் போக்கைத் தழுவி வந்தது எனக் கருதத்தகும். ஆனால் செய்தித்தாள்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் பின்னது பெருகுமாயின், பொறி அதனையே முன்னே நிறுத்தும். பொறியைப் பார்த்து எழுதுவோரால் அது மேலும் பெருகும். அன்றியும், சேர்ந்து வரத்தக்க சொற்களைச் சேர்த்துத் தருவது வேறு. உண்மையைக் கூறுவது வேறு. பொறி எழுதிய தொடர் ஒழுகலாக இருப்பதனாலேயே அது மெய்யென்று கொள்ளுதல் ஆகாது.

அதனினும் பெரிய கவலை ஒன்று உண்டு. மிகுந்தோர் வழக்கு என்று சொன்னோம். உண்மையில் அது எழுதினோர் வழக்கே. மக்காச்சோளம் ஒடிக்கும் குன்னத்து உழவரும், பருத்தி எடுக்கும் பெண்டிரும், முந்திரிக்கொட்டை பொறுக்கும் சிறுவரும் நாள்தோறும் பேசும் சொற்சேர்க்கைகள் எந்த உரைத்தொகுதியில் எத்தனை முறை ஏறியிருக்கும்? அவர்கள் மொழி இலக்கண ஆசிரியர் கண்ணிலும் மிகுதியாகப் படவில்லை. பொறியின் கணக்கிலும் மிகுதியாக ஏறவில்லை. பருத்தியை எடுப்பர் என்று எழுதிவைப்பார் இல்லையாயின், எல்லாப் பயிருக்கும் ‘அறுவடை செய்தனர்’ என்னும் ஒரே வினையைப் பொறி எழுதித் தரும். நாளடைவில் நம் மாணவரும் அதனையே எழுதுவர். களத்தில் வாழ்ந்த ஏழெட்டு வினைகள் ஒரு தலைமுறைக்குள் மறையும். அவ்வினைகளோடு, ஒவ்வொரு பயிரையும் கை எவ்வாறு தொட்டது என்னும் அறிவும் மறையும்.

இதனைத் தடுக்கக் கணிப்பொறி வல்லுநராக வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். உங்கள் ஊரில் ஏர் உழுவோரிடமும், தறி நெய்வோரிடமும், சுண்ணாம்புக்கல் வெட்டுவோரிடமும், அடுப்படியில் நிற்கும் உங்கள் தாயாரிடமும் சென்று, எப்பொருளோடு எவ்வினையைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த தொடரை முழுமையாக எழுதுங்கள். சொன்னவர் எவ்வூரார், எத்தொழிலார் என்பதையும் குறியுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர், ஆளுக்கு நூறு தொடர் எழுதினால் நாலாயிரம் தொடர் சேரும். அவற்றைத் தட்டச்சு செய்து, பள்ளியிலும் கல்லூரியிலும் சேமித்து, ஆராய்வார் எவரும் எடுத்தாளத் தந்துவிட்டால், அதுவே உங்கள் ஊரின் உரைத்தொகுதி. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற பெரியார் வாழ்ந்த மண் இது. ஏட்டில் ஏறாத சொற்களைத் தேடி ஊருக்குள்ளேயே செல்வது நமக்கு அரிய செயலன்று.